ரூ.4,600 மிச்சம் பண்ணப் போய் ரூ.8,700 போச்சு: வீட்டிலேயே கார் பாலிஷ் பண்றது லாபமா?

"எதை வாங்கறதுக்கு முன்னாடியும் கணக்குப் போடுங்க"ன்னு ஒவ்வொரு வீடியோவுலயும் சொல்ற ஆடிட்டர் நான். அந்த நானே கணக்குப் போடாம இறங்கின ஒரு விஷயத்தை இன்னிக்கு பில்லோட சொல்லப் போறேன்.

என்கிட்ட 2017-ல் வாங்கின அடர் நீலக் கலர் ஹேட்ச்பேக் இருந்தது. விற்கலாம்னு முடிவு பண்ணி வெயில்ல நிறுத்திப் பார்த்தேன். பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கீறல். டீடெய்லிங் ஸ்டூடியோவுல கேட்டா, பாலிஷ் மட்டும் ரூ.7,000 சொன்னாங்க. "அந்தக் காசுக்கு ஒரு மெஷினே வாங்கிடலாமே"ன்னு தோணிச்சு. அங்கதான் ஆரம்பிச்சது வினை.

முதல் தப்பு: விலையை மட்டும் பார்த்தது

பாலிஷிங் மெஷின்ல ரெண்டு வகை உண்டு. ரோட்டரி ஒரே அச்சுல சுத்தும். வேகமா வெட்டும், சூடும் ஒரே இடத்துல ஏறும். அனுபவசாலி கைக்கான மெஷின் அது. டூயல் ஆக்‌ஷன்னு இன்னொண்ணு. பேட் சுத்திக்கிட்டே பக்கவாட்டுலயும் ஆடும். வேலை மெதுவாத்தான் நடக்கும், ஆனா புதுசா கத்துக்கறவங்களுக்கு ஆபத்து குறைவு.

டூயல் ஆக்‌ஷன் ரூ.6,800, ரோட்டரி ரூ.2,200. ரூ.4,600 மிச்சம்னு நினைச்சு ரோட்டரியை வாங்கிட்டேன். கம்பளிப் பேட், கெட்டிக் காம்பவுண்ட், ஞாயித்துக்கிழமை காலை. பத்தே நிமிஷம். பானெட் ஓரத்துல கொஞ்சம் கூடுதலா நின்னுட்டேன் போல. பேடைத் தூக்கிப் பார்த்தா அதுல நீலக் கலர். காருல ஒரு ரூபா நாணயம் அளவுக்கு வெளிறிப் போன திட்டு.

பானெட்டை மறுபடி பெயிண்ட் அடிக்க ரூ.6,500. மெஷின் ரூ.2,200. ஆக மொத்தம் ரூ.8,700. பக்கத்துல நின்ன அப்பா ஒரே வரிதான் சொன்னார்: "பேசாம கழுவிட்டு ஓட்டியிருக்கலாமேடா!"

"இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ணுங்களேன்"னு மச்சான் ஐடியா கொடுத்தார். முதல்ல, இது விபத்தே இல்ல, நானே பண்ணினது. அதோட, அஞ்சு வருஷம் க்ளெய்ம் இல்லாம ஓட்டினதுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்துல 50% நோ க்ளெய்ம் போனஸ் வந்துக்கிட்டு இருந்தது. ஒரு சின்ன க்ளெய்ம் போட்டாலும் அடுத்த ரின்யூவல்ல அது பூஜ்ஜியம். நிஜமான சின்ன இடிபாட்டுக்குக்கூட இந்தக் கணக்கைப் பார்த்துட்டுத்தான் க்ளெய்ம் போடணும்.

பாலிஷ்னா சேர்க்கறது இல்ல, எடுக்கறது

எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம் இதுதான். கலருக்கு மேல க்ளியர் கோட்னு ஒரு நிறமில்லாத படலம் இருக்கு. பளபளப்பும் வெயில்லேர்ந்து பாதுகாப்பும் அதுலதான். தடிமன் பொதுவா 40, 50 மைக்ரான்தான். நம்ம தலைமுடியைவிட மெல்லிசு. பாலிஷ் பண்றது கீறலை நிரப்பற வேலை இல்ல. கீறலைச் சுத்தியிருக்கிற க்ளியர் கோட்டைச் செதுக்கி, கீறலோட அடிமட்டத்துக்குக் கொண்டுவர்றது. ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போயிடும், திரும்ப வராது. நம்ம பாஷையில சொன்னா, இது வட்டி இல்ல, முதல்ல கை வைக்கிறது. அதனால கொஞ்சமா, அவசியத்துக்கு மட்டும் எடுக்கணும்.

ரெண்டாவது முயற்சி: இந்தத் தடவை முறைப்படி

1. புதுப்பேட்டையில ரூ.700-க்கு ஒரு பழைய பானெட் வாங்கி, அதுல ரெண்டு நாள் பழகினேன். முழுச் செலவுலயும் உருப்படியான செலவு இதுதான்.

2. காரை நல்லா கழுவி, ஷாம்பு தண்ணி தெளிச்சு க்ளே பார் போடுங்க. கையில மெல்லிசான பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கிட்டு பெயிண்ட்டைத் தடவிப் பாருங்க. சொரசொரப்பு இருந்தா இன்னும் அழுக்கு போகலைன்னு அர்த்தம்.

3. பேனல் ஓரம், மடிப்புக் கோடு, ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. ஓரங்கள்லதான் பெயிண்ட் சீக்கிரம் தேயும்.

4. நிழல்ல, பேனல் நல்லா ஆறின பிறகுதான் ஆரம்பிக்கணும்.

5. முதல்ல ஒன்றரை அடிச் சதுரத்துல மட்டும் டெஸ்ட். இருக்கறதிலேயே மிருதுவான பேட், ஃபினிஷிங் பாலிஷ். அதுலயே திருப்தியா வந்தா அதோட நிறுத்திக்குங்க. வரலைன்னா மட்டும் ஒரு படி மேல போங்க.

6. பேட்ல பட்டாணி அளவு நாலு சொட்டு போதும். பேட் பெயிண்ட் மேல இருக்கும்போதுதான் மெஷினை ஆன், ஆஃப் பண்ணணும். குறைஞ்ச வேகத்துல பரப்பிட்டு, அப்புறம் நடுத்தர வேகம். வினாடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தினா போதும். போன வரிசையில பாதியை மூடற மாதிரி அடுத்த வரிசை. முதல்ல குறுக்கா, அப்புறம் நெடுக்கா.

7. பேடுக்குப் பின்னாடி இருக்கிற பிளேட்ல மார்க்கரால ஒரு கோடு போட்டுக்குங்க. கோடு சுத்தறது நின்னா, நீங்க ரொம்ப அழுத்தறீங்கன்னு அர்த்தம்.

8. துடைச்சதும் பளிச்னு இருக்கேன்னு ஏமாறாதீங்க. பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் கீறலை மறைக்கும். தண்ணி கலந்த ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால துடைச்சு, டார்ச் அடிச்சுப் பாருங்க.

9. நகத்துல தட்டுப்படற ஆழமான கீறலை விட்டுடுங்க. அதைத் துரத்தினா க்ளியர் கோட் காலி.

10. கடைசியா வேக்ஸ் அல்லது சீலன்ட்.

ரெண்டு வாரக் கடைசி, சுமார் 14 மணி நேரம் ஆச்சு. ஆனா கார் நிஜமாவே ஜொலிச்சது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

இப்ப கணக்குக்கு வருவோம்

- டூயல் ஆக்‌ஷன் மெஷின்: ரூ.6,800
- ஃபோம் பேட் 4: ரூ.1,600
- காம்பவுண்ட், பாலிஷ்: ரூ.1,500
- க்ளே பார், டேப், மைக்ரோஃபைபர் துணி: ரூ.1,400
- பழைய பானெட்: ரூ.700
- மொத்தம்: ரூ.12,000

அடுத்த தடவைக்குப் பொருள் செலவு ரூ.1,500-ன்னு வச்சுக்குங்க. ரெண்டு தடவைக்கு நமக்கு ரூ.13,500, ஸ்டூடியோவுல ரூ.14,000. அதாவது தப்பே பண்ணாம இருந்தா ரெண்டாவது பாலிஷ்ல போட்ட காசு வந்துடும். என் ரூ.8,700 தப்பையும் சேர்த்தா நாலாவது பாலிஷ்லதான் லாபம். உழைப்புக்குக் கூலி போடவே இல்ல.

ஒரே காரை நாலு தடவை இப்படிப் பாலிஷ் பண்ற அளவுக்கு க்ளியர் கோட்டை நம்பக் கூடாது. அதனால ஒரே ஒரு கார் வச்சிருக்கறவங்க, பணத்துக்காக மட்டும்னா மெஷின் வாங்காதீங்க. வீட்டுல ரெண்டு, மூணு கார் இருந்தா, இல்ல அபார்ட்மென்ட்ல நாலு பேர் சேர்ந்து வாங்கினா, கணக்கு சரியா வரும்.

பில்லுல வராத செலவு ஒண்ணும் இருக்கு. காரைப் பார்க்க வந்தவர் பெயிண்ட் மீட்டரை வச்சார். மத்த பேனல்ல 110 மைக்ரான் காட்டினது, பானெட்ல 250 காட்டிச்சு. "ஆக்சிடென்ட் வண்டியா சார்?"னு கேட்டார். பெயிண்ட் பில்லையும், அந்தத் திட்டோட போட்டோவையும் காட்டினதாலதான் நம்பினார். ஆனாலும் பேரத்துல ரூ.5,000 குறைச்சுட்டார். அதனால எந்த ரிப்பேரா இருந்தாலும் பில்லை பத்திரமா வைங்க.

கீறல் எங்கேர்ந்து வந்தது?

தினமும் காலையில வண்டி துடைக்கிற அண்ணன், 20 காருக்கும் ஒரே பக்கெட், ஒரே துணி. தூசி மேல அந்தத் துணியை அழுத்தித் தேய்ச்சா கீறல் விழத்தான் செய்யும். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஒரு காருக்கு அஞ்சு நிமிஷம்கூட அவருக்குக் கிடைக்காது. இப்ப புது வண்டிக்கு நானே ரெண்டு மைக்ரோஃபைபர் துணியும் தனி பக்கெட்டும் வாங்கிக் கொடுத்துட்டேன், ரூ.600 ஆச்சு. "தினமும் வெறும் துணியால துடைக்க வேணாம்ணே, வாரம் ரெண்டு நாள் தண்ணி ஊத்திக் கழுவினா போதும், உங்க சம்பளம் அதேதான்"னு சொன்னேன். போர் தண்ணியா இருந்தா காயறதுக்குள்ள ஒத்தி எடுத்துடணும், இல்லன்னா உப்புக் கறை படிஞ்சிடும்.

ரூ.20,700 செலவு பண்ணிக் கத்துக்கிட்டது இந்த ரூ.600 பாடம்தான். உங்களுக்கு இது இலவசம்! மெஷின் பிடிக்கிற விதத்தை வீடியோவுல காட்டியிருக்கேன், பார்த்துட்டு உங்க கணக்கையும் கமென்ட்ல போடுங்க.