அட்டை வடிவப் பொய் இரை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கம்லூப்ஸ் வட்டார ஏரிகளில் பனி உருகியது முதல் மறுபடி உறையும்வரை வானவில் டிரவுட் மீனுக்கு அட்டை கிடைத்துக்கொண்டே இருக்கும். பூச்சிகள் எழும்பாத நாளிலும் அது உண்டு. அதனால்தான் மீனவர் பெட்டியில், அட்டையைப் போலக் கட்டப்படும் இந்தச் சிறு பொய் இரைக்கு நிரந்தர இடம்.

வால், வான்கோழியின் மென்தூவி. உலர்ந்திருக்கையில் உப்பித் தெரியும். நனைந்ததும் ஒடுங்கி, நீரின் மெல்லிய அசைவுக்கும் நெளியும். வாலை நீளமாக விட்டால் மீன் நுனியை மட்டும் கவ்விவிட்டு நழுவிவிடும்.

முன்புறத்தைக் கவனியுங்கள். தூண்டில் முள்ளின் காதைத் தாண்டி நீளும் குண்டூசியில் ஒரு டங்ஸ்டன் மணி. பின்பக்க எடைக்கு அது ஈடு கொடுப்பதால் இரை படுக்கைவாட்டில் நிற்கிறது, நீந்தும் அட்டையைப் போலவே. ஊசி இல்லாவிட்டால் தக்கைக்குக் கீழே செங்குத்தாகத் தொங்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஜெர்ரி மெக்பிரைடின் யோசனை இது, எளிமையானது, அபாரமானது.

ஏரித் தரைக்குச் சற்று மேலே நிறுத்துவார்கள். தக்கையைக் குலுக்கும் சிற்றலையே இரைக்கும் உயிர் கொடுக்கும். கையால் இழுப்பதானால் மிக மெதுவாக இழுக்க வேண்டும்.

கறுப்பு, மெரூன், ஆலிவ் ஆகியவை பரவலாகக் கட்டப்படும் நிறங்கள்.