தம்பிக்கு நேவி வேலை... நம்பி ஏழு வருஷ லோன் போடலாமா?

புன்னைக்காயல்ல இருந்து ஒரு அக்கா கேட்டாங்க: "சார், தம்பி நேவியில அக்னிவீரா செலக்ட் ஆயிட்டான். அவன் சம்பளத்தை நம்பி வள்ளத்துக்கு ஏழு வருஷ லோன் போடலாமா?"

வேண்டாம் அக்கா. ஏன்னு கணக்குப் பார்த்துடலாம்.

கடற்படைக்குள்ள போக ரெண்டு வாசல். ஒண்ணு அதிகாரி. ஆரம்பப் பதவியான சப் லெப்டினன்டுக்கே மாத அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். ராணுவ சேவைப் படி 15,500 தனி. இன்னொண்ணு மாலுமி. அக்னிவீர் சேர்றது இந்த வாசல்லதான். 2022-ல் அறிவிச்ச விதிப்படி பணி 4 வருஷம்; அதுக்கப்புறம் 25% பேர் வரைதான் தொடர முடியும். மத்தவங்களுக்குப் பென்ஷன், கிராஜுவிட்டி கிடையாது.

முதல் வருஷச் சம்பளம் 30,000, கையில் வர்றது 21,000. நாலாவது வருஷம் 40,000, கையில் 28,000. பிடிக்கிற 30 சதவீதத்துக்குச் சமமா அரசும் போடும். முடிவில் சேவா நிதி 10.04 லட்சம், கூடவே வட்டி. வருமான வரி இல்லை.

அதனால இஎம்ஐ 4 வருஷத்துக்குள்ள முடியணும். சேவா நிதியைக் கடனுக்குக் கொடுத்துடாதீங்க. வேலை முடிஞ்சு வர்ற தம்பிக்கு அதுதான் முதல்.

வீட்டுல இன்னொரு பையன் பிளஸ் டூவுல கணிதம், இயற்பியல், வேதியியல் படிக்கிறானா? யுபிஎஸ்சி நடத்துற என்டிஏ தேர்வையும் எழுதச் சொல்லுங்க. அதே பிளஸ் டூதான், வாசல்தான் வேற!