எழுவான்கரைச் சவர்க்காரம் எத்தனை ஆண்டு தாங்கும்?

கையால் செய்த சவர்க்காரத்தை மாதக்கணக்கில் முதிரவிடும் வழக்கம் ஒலிவ் எண்ணெய் நாடுகளுக்கு உரியது. சிரியாவின் அலெப்போவில் ஒலிவ் எண்ணெயும் லாரல் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கட்டிகளை ஆறு முதல் ஒன்பது மாதம் காற்றோட்டமாக அடுக்கி வைப்பார்கள். மேற்புறம் பொன்னிறமாகும், உள்ளே பச்சை நிற்கும். 2024இல் அக்கைத்தொழில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஒலிவ் சவர்க்காரம் தொடக்கத்தில் மிருதுவானது, ஈரத்தை மெல்லவே விடுவது. அதற்குக் காத்திருப்பு வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் எழுவான்கரையில் கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய். அதில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம். ஒரு கிலோ எண்ணெய் முழுதும் சவர்க்காரமாக 183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். தோலுக்கு இதமாக இருக்கட்டுமென்று அதில் சற்றுக் குறைத்தே போடுவது வழக்கம். அச்சில் ஊற்றிய அன்றே வெட்டிவிட வேண்டும், பிந்தினால் கத்தி பட்டதும் உதிரும். உவர்நீரிலும் நுரைக்கும் என்பதால் கப்பற்காரர்களுக்கான சவர்க்காரம் இந்த எண்ணெயில்தான் செய்யப்பட்டது. நான்கு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலான ஈரம் போய்விடும். வருடங்கள் போகப் போக நுரை மென்மையாகும் என்பாரும் உண்டு. அந்த மாற்றம் சிறிதே.

ஆனால் கெடாமல் வைத்திருப்பது வேறு விடயம். எளிதில் சிக்கு வாடை பிடிக்கும் அமிலங்கள் தேங்காய் எண்ணெயில் பத்து வீதத்துக்கும் குறைவு. ஆகவே கட்டி பல ஆண்டு நிற்கும், சோடா கரைக்கும் தண்ணீர் நல்லதாக இருந்தால்.

இந்தக் கரையில் கவலைப்பட வேண்டியது அந்தத் தண்ணீரைப் பற்றித்தான். மணல்மேட்டின் ஆழமற்ற கிணறுகள் உவருக்கு மிக அருகில் இருப்பவை. 2004 டிசம்பர் 26 கடற்கோளில் ஏராளமான கிணறுகள் உப்பேறின. கிணற்று நீரின் கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாகும். இரும்பு அதைவிடப் பொல்லாதது. துளியளவு இரும்போ செம்போ கலந்தாலும் சவர்க்காரமாகாமல் மிஞ்சிய எண்ணெய் விரைந்து கெடும். சில மாதங்களில் கட்டியில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றும், பிறகு சிக்கு வாடை. வாங்குபவர் சில வேளை அதைப் பழமையின் அடையாளமென்று எண்ணி ஏமாறுகிறார். மாரியில் கூரை நன்கு கழுவுப்பட்ட பின் பிடித்த மழைநீரும், இரும்புபடாத பாத்திரமும் இருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். நெடுநாள் வைக்கப் போகும் கட்டியில் மிஞ்சும் எண்ணெயையும் குறைக்க வேண்டும்.

காய வைக்கும் காலமும் பார்க்கத்தக்கது. மாரிக்காலத்தில் கட்டியிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து வியர்க்கும். கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை காய்ந்தால் சீராக இறுகும். வெயில் படாத மரத்தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, நன்கு காய்ந்தபின் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் வைக்கலாம். தகரப்பெட்டி மட்டும் ஆகாது. உப்புக்காற்றில் அது துருப்பிடித்து, தண்ணீரில் தவிர்த்த இரும்பைக் கட்டிக்கே கொண்டுவந்து சேர்க்கும்.