மணலில் வீட்டுத்தோட்டம்: முதலில் கிணற்றைப் பாருங்கள்

உங்களில் பலருக்குத் தோட்டம் செய்வது புதிதல்ல. 1990இல் மன்னாரை விட்டு வெளியேறியவர்களில் சிலர் கற்பிட்டியில் வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களில் வேலை செய்து பழகியிருப்பீர்கள். செட்டிகுளம் முகாமில் இருந்தவர்கள் கூடார வாசலில் உரப்பையில் கீரை வளர்த்திருப்பீர்கள். அந்த அனுபவம் உதவும். ஆனாலும் உங்கள் வளவின் மண்ணும் தண்ணீரும் வேறு. அங்கே செய்ததை அப்படியே இங்கே செய்தால் முதல் பயிரே கருகிப் போகலாம்.

மண்வெட்டி பிடிக்க முன் ஒரு விடயம். உங்கள் காணி மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மண்டையோட்டு அடையாளமுள்ள சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் போக வேண்டாம். வேலிக்குக் கதியால் வெட்டவும் போக வேண்டாம்.

மன்னார் தீவில் தோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது காணி அல்ல, கிணறு. மாரி மழை மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உப்பு அதைவிடப் பல மடங்கு ஏறிவரும். 2004 கடற்கோளுக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளை மோட்டாரால் திரும்பத் திரும்ப வற்ற இறைத்த இடங்களில் இதுதான் நடந்தது. பல வருடம் பாவிக்காமல் கிடந்த கிணற்றைச் சுத்தம் செய்யும்போதும் மெதுவாக இறையுங்கள், இடையில் ஊற விடுங்கள்.

தோட்டத்துக்கு மோட்டார் வேண்டாம், வாளி போதும். 10 அடி நீளம், 3 அடி அகலத்தில் இரண்டு பாத்திகளுக்குக் காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி. நடுப்பகலில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதி வெயிலுக்குத்தான் போகும்.

கற்பிட்டியில் இருந்து வந்தவர்களுக்கு இன்னொரு சொல். அங்கே அதிகமாகப் போட்ட பசளை மணல்வழியே இறங்கிக் கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியது. இங்கும் அதே மணல்தான். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரும் அதே கிணற்றில் இருந்துதான் வருகிறது. யூரியாவைக் கிணற்றடிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பதிலாக மண்ணுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருளைப் புதையுங்கள். பாத்தியை மேடாக்காமல் ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, அடியில் தென்னை உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். அதன்மேல் காய்ந்த இலை, ஆட்டெரு, பிறகு மண். கரையில் ஒதுங்கும் சாதாழையும் நல்ல பசளைதான். ஆனால் ஒரு மாரி முழுவதும் மழையில் குவித்து வைத்து உப்புக் கழுவிய பின்னரே போட வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று பார்க்க ஆவணி, புரட்டாதிதான் சரியான காலம். அப்போதுதான் தண்ணீர் ஆகக் குறைந்து, உப்பு ஆகக் கூடி நிற்கும். இரண்டு பழைய பேணிகளில் மண் போட்டு இருபது இருபது விதை ஊன்றி, ஒன்றுக்கு மழைத் தண்ணீரும் மற்றதற்குக் கிணற்றுத் தண்ணீரும் ஊற்றுங்கள். பத்து நாளில் தெரிந்துவிடும். சற்று உவர் என்றால் வெங்காயம், போஞ்சி, கரட் வேண்டாம். கௌப்பி, பீற்றூட் ஓரளவு தாங்கும். தென்னையும் பனையும் இன்னும் நன்றாகத் தாங்கும். மிகவும் உவரான வளவில் மழைத் தண்ணீர் சேர்த்து, வாசலில் நாலு உரப்பையில் கீரையும் மிளகாயும் வையுங்கள். முகாமில் பழகியது இங்கேதான் கைகொடுக்கும்.

பெருநிலப்பரப்பில் காணி உள்ளவர்களுக்குக் கதை வேறு. முருங்கன் பக்கத்துக் கருங்களி மாரியில் தண்ணீரைப் பிடித்து வேரை அழுகப் பண்ணும், கோடையில் வெடிக்கும். அங்கே குழி அல்ல, மேட்டுப்பாத்தி.

தீவில் வைகாசி முதல் புரட்டாதி வரை அடிக்கும் சோளகம் உப்பையும் மணலையும் அள்ளிவரும். தென்மேற்குப் பக்கத்தைப் பனை மட்டையால் அடைத்து, உள்ளே பூவரசங் கதியால் நடுங்கள். மற்றப் பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் இல்லாத காலத்தில் ஆடுகளும் மன்னார்க் கழுதைகளும் உங்கள் வளவைத் தங்களுடையதாக நினைக்கப் பழகிவிட்டன. ஒரு இரவு போதும் அவற்றுக்கு.

விதைப் பொதி கிடைத்தவுடன் எல்லாவற்றையும் விதைக்க வேண்டாம். ஐப்பசியில் முதல் மழை நன்றாக இறங்கிய பின் பாதியை விதையுங்கள். மீதியை உலர்ந்த போத்தலில் சாம்பலுடன் மூடி, நிழலில் வையுங்கள். முதல் விதைப்பு பிழைத்தால் அதே மாரியில் இன்னொரு முறை விதைக்கலாம்.