ஒரே தொட்டியில் ஒத்து வாழும் மீன்கள்

யாங்கோன் நகர மையத்தின் கிழக்கே, பசுந்தாங் ஓடையை அண்டிய குடியிருப்பொன்றில், நண்பர் ஒருவரின் விருந்தினராகச் சில நாட்கள் தங்கியிருந்தோம். பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். ஓய்வுபெற்ற பின் 60 லீற்றர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வீட்டில் அமைத்து, பேரப்பிள்ளைகள் கைகாட்டிய 12 மீன்களை ஒரே நாளில் வாங்கி விட்டிருந்தார். நாம் சென்றபோது மூன்றே எஞ்சியிருந்தன.

"தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறதே ஐயா, பிறகேன் சாகின்றன?" என எம்மிடம் வினவினார். விரிவுரையாளராய் இருந்த காலத்தில் ஆய்வுகூடத் தொட்டிகளோடு நாமும் மல்லுக்கட்டியவர்கள் என்பதை அவர் அறிவார்.

வாங்கியவை எவை எனக் கேட்டோம். நியோன் ரெற்றா ஆறு, பொன்மீன் இரண்டு, ஏஞ்சல் மீன் இரண்டு, ரைகர் பார்ப் இரண்டு. நிறத்தைப் பார்த்தார்களேயன்றி எவரும் பிறந்த ஊரைப் பார்க்கவில்லை. நியோன் ரெற்றா அமேசன் காட்டோடைகளின் மென்மையான, சற்று அமிலத்தன்மை வாய்ந்த வெந்நிலை நீருக்கு உரியது. சீனத்திலிருந்து வந்த பொன்மீனோ குளிர்ந்த நீரை விரும்புவது. பெருந்தீனி தின்று தொட்டியை விரைவில் அழுக்காக்குவது. ஏஞ்சல் மீனும் அமேசன் நீரதே. ஆயினும் வளர்ந்துவிட்டால் நியோன் ரெற்றா அதற்கு ஒரு வாய் உணவு. ஒரே ஆற்றில் பிறந்தமை மட்டும் போதாது, வாயின் அகலத்தையும் அளக்க வேண்டும்! ரைகர் பார்ப் கூட்டமாக வாழும் இனம். ஒன்றிரண்டாக விடப்பட்டால் பிறமீன்களின் நீண்ட செட்டைகளைக் கடித்துக் கிழிக்கும். எஞ்சியிருந்த மூன்றில் இரண்டு அவையே. மூன்றாவது செட்டை கந்தலான ஏஞ்சல்.

நீரின் தெளிவும் நண்பரை ஏமாற்றியிருந்தது. மீன்களின் கழிவிலிருந்து வெளிப்படும் அமோனியாவுக்கு நிறமில்லை. அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வடிகட்டியில் குடியேறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை இரண்டு மூன்று மீன்களுக்கு மேல் விடலாகாது. வெப்பம் கூடக் கூட அமோனியாவின் நஞ்சும் கூடும்.

"அப்படியானால் இந்நாட்டு மீன்களையே வளர்ப்போம்" என்றார் நண்பர். அவர் மனதிலிருந்தது ஷான் மலைநாட்டு மீன். 2006 இல் ஹோபோங் அருகே ஊற்றுநீர்க் குட்டைகளில் கண்டெடுக்கப்பட்டு, 2007 இல் அறிவியற்பெயர் பெற்ற அம்மீன் இரண்டு சென்ரிமீற்றர் அளவினது. கருநீல உடலில் முத்துப் புள்ளிகள், செட்டைகளில் செந்நிறக் கோடுகள். இன்லே ஏரியில் இன்னும் சில அழகிகள் உண்டு. செந்தலையும் செதிலற்ற உடலும் கொண்ட ஒன்றுக்கு, ஷான் சிற்றரசர்களின் பட்டமாகிய 'சவ்பா' என்பதையே பெயராக்கி 1918 இல் உலகுக்கு அறிவித்தவர், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதற் பணிப்பாளர் அனன்டேல்.

ஆனால் இவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றரும் அதற்கு மேலும் உயர்ந்த சுண்ணாம்புக்கல் நிலத்தின் மீன்கள். 22 பாகை செல்சியஸ் அளவிலான கடின நீரே அவற்றுக்கு இதமானது. யாங்கோனின் சித்திரை வெயிலில் பகல் வெப்பம் 37 பாகையைத் தொடும். தொட்டிநீர் 30 ஐத் தாண்டும். ஒரே நாடுதான், ஒரே நீரன்று. லண்டனிலோ பாரிசிலோ வசிக்கும் எம் வாசகர்களின் கடினமான குழாய்நீர், குளோரீன் நீக்கப்பட்ட பின், இவற்றுக்கு நன்கு பொருந்தும் என்பது ஒரு வேடிக்கை. ஒஸ்லோவின் மென்னீர் பொருந்தாது. வாங்குவோர் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யப்பட்டவற்றையே கேட்டு வாங்குக. ஹோபோங் குட்டைகள் கண்டுபிடிப்பின் முதலாண்டிலேயே வலைவீச்சால் பெரிதும் நலிந்தன.

பசுந்தாங்குக்கு வேறொரு நிபந்தனையும் உண்டு. 2021 இன் பின் யாங்கோனில் மின்வெட்டு மணிக்கணக்கில் நீள்கிறது. மின்சாரம் நின்றால் காற்றுப் பம்பியும் நிற்கும். ஆகவே நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிக்கவல்ல மீன்களை முதலிற் தேடினோம். ஐராவதி நீர்நிலைகளின் தடித்த உதட்டுக் கௌராமி அத்தகையது. சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே 1877 இல் விவரித்த இனம் அது. ஆண் ஒன்று, பெண் ஒன்று. இரண்டு ஆண்களை விட்டால் சண்டை ஓயாது. அடித்தளத்துக்கு, தெனாசரிம் நீரோடைகளின் அயிரை வகை நான்கு. நம்மூர் அயிரைக்கு நெருங்கிய உறவு. விழுங்கிய காற்றிலிருந்து குடலால் ஒட்சிசனைப் பெறும் விந்தை இதற்கும் உண்டு. நடுநீருக்கு, அதே பகுதியின் முத்து டேனியோ ஆறு. அதற்குக் காற்றைச் சுவாசிக்கும் ஆற்றல் இல்லை. எனவே எண்ணிக்கையைக் கூட்டலாகாது, மின்சாரம் நிற்கும் வேளைக்கு முன்னர் தீனி போடலாகாது என இருமுறை வற்புறுத்தினோம்.

அன்றே வாங்கப் புறப்பட்ட நண்பரைத் தடுத்து, பழைய மூன்றையும் பெரிய தொட்டி வைத்திருந்த அயலவரிடம் ஒப்படைத்து, வடிகட்டியைப் பற்றீரியாக்களுக்கென ஓடவிட்டோம். முதலில் அயிரை இரண்டு, இரு வாரம் கழித்து டேனியோக்கள், இறுதியில் கௌராமிகள் என வரிசை குறித்துக் கொடுத்தோம். டேனியோ துள்ளிப் பாயும், மூடி அவசியம் என்றதும் அவர் மூடியை நீர்மட்டத்தோடு ஒட்டிப் பொருத்தத் தொடங்கினார். கௌராமி மூச்செடுக்க இரண்டு அங்குலம் விடும்படி சொன்னோம்.