சந்தாவா, சொந்தமா, அப்கிரேடா? டிசைன் சாஃப்ட்வேருக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு கணக்கு

டிசைன் வேலையில் இறங்குபவர்கள் லேப்டாப் வாங்க நாலு கடை ஏறி இறங்குவார்கள். அதில் போடப்போகும் சாஃப்ட்வேருக்கு மட்டும் பட்ஜெட்டே இருக்காது. "ஃபிரெண்டுகிட்ட கிராக் இருக்கு, பார்த்துக்கலாம்" என்பதுதான் பாதிப் பேரின் திட்டம். கிளையன்ட்டுக்கு பில் போட ஆரம்பித்த பிறகு அது சரிப்பட்டு வராது. வைரஸ் தொல்லை ஒரு பக்கம், லைசென்ஸ் கேட்டு வரும் நோட்டீஸ் இன்னொரு பக்கம். காசு கொடுத்துத்தான் ஆகணும். அதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் குழப்பம்.

முன்பெல்லாம் போட்டோஷாப் பெட்டியை ஒருமுறை வாங்கினால் முடிந்தது கதை. புது வெர்ஷன் வரும்போது பழைய ஆட்களுக்குக் குறைந்த விலையில் அப்கிரேடு கிடைக்கும். வேண்டாம் என்றால் பழையதையே ஓட்டலாம். 2012-ல் வந்த சிஎஸ்6 அந்த வரிசையில் கடைசி. 2013 மே மாதம், இனி புது வெர்ஷன் எல்லாம் கிரியேட்டிவ் கிளவுட் சந்தாவில் மட்டும்தான் என்று அடோபி அறிவித்துவிட்டது. அன்றோடு அடோபி பக்கம் 'வாங்குவதா, அப்கிரேடா' என்ற கேள்வியே முடிந்துபோனது.

சந்தாவில் கவனிக்க வேண்டியது

சந்தாவில் நல்லதும் உண்டு. மொத்தப் பணம் கையில் இல்லாமலே வேலையைத் தொடங்கலாம், புது வசதிகள் தானாக வந்துசேரும். சிக்கல் எங்கே என்றால், 'மாதம் இவ்வளவு' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் திட்டம் பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம். மாதத் தவணையில் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். அடோபியின் இந்தத் திட்டத்தில் முதல் 14 நாளைத் தாண்டி ரத்து செய்தால், மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டச் சொல்வார்கள். இந்தக் கட்டணத்தைச் சரியாகச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் அடோபி மீது வழக்கே போட்டது.

எனவே மூன்று மாத ப்ராஜெக்ட்டுக்கு என்றால், விலை கூடுதலாக இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய மாதத் திட்டமே மலிவு. கார்டில் ஆட்டோ டெபிட் போட்டிருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

சொந்தமாக வாங்கினால் லாபமா?

கோரல்டிரா சந்தாவாகவும் ஒருமுறை விலைக்கும் விற்கப்படுகிறது. இப்படி இரண்டும் இருக்கும் இடத்தில் ஒரு வகுத்தல் போதும். கணக்குக்காக, ஒருமுறை விலை 36,000 ரூபாய், மாதச் சந்தா 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 24 மாதம். அதே வெர்ஷனை இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டுவேன் என்று நம்பிக்கை இருந்தால் சொந்தமாக வாங்கலாம். இரண்டு விலையிலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் 'ஆயுள் லைசென்ஸ்' என்பதில் உள்ள ஆயுள் உங்களுடையது அல்ல, உங்கள் கம்ப்யூட்டருடையது. 2019-ல் ஆப்பிள் கேட்டலினா வந்தபோது 32 பிட் செயலிகள் ஓடாமல் நின்றன. சிஎஸ்6 வைத்திருந்த பல மேக் பயனாளர்கள் ஒன்று பழைய ஓஎஸ்ஸிலேயே தங்க வேண்டியிருந்தது, அல்லது சந்தாவுக்குப் போக வேண்டியிருந்தது.

அடுத்தது ஃபைல் பிரச்சினை. சிவகாசி அச்சகத்திலோ உங்கள் ஊர் ஃபிளெக்ஸ் கடையிலோ இருப்பது பெரும்பாலும் கோரல்டிராதான், அதுவும் பழைய வெர்ஷன். புதியதில் சேவ் செய்த ஃபைல் அங்கே திறக்காது. பழைய வெர்ஷனுக்கு மாற்றி சேவ் செய்தோ, எழுத்துகளைக் கர்வாக மாற்றி பிடிஎஃப்பாகவோ கொடுக்க வேண்டும். அப்கிரேடு செய்யும் முன் அச்சகத்துக்கு ஒரு போன் போட்டு "அண்ணே, உங்ககிட்ட எந்த வெர்ஷன்?" என்று கேட்டுவிடுவது நல்லது.

அப்கிரேடு சலுகை எப்போதும் இருக்கும் என்றும் நம்ப முடியாது. ஒருமுறை விலைக்காகவே பலர் தேடிப்போன அஃபினிட்டி, 2022 நவம்பரில் இரண்டாம் வெர்ஷனை விட்டபோது பழைய வாடிக்கையாளருக்கென்று தனி அப்கிரேடு விலை வைக்கவில்லை. அறிமுகத் தள்ளுபடி எல்லோருக்கும் ஒன்றுதான். 2024-ல் அதை உருவாக்கிய செரிஃப் நிறுவனத்தை கேன்வா வாங்கியது. 2025 அக்டோபரில் புது அஃபினிட்டியை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். ஏஐ வசதிகளுக்கு மட்டும் கேன்வாவின் கட்டணச் சந்தா வேண்டும். முதல் நாள் காசு கொடுத்து வாங்கியவர் தலையில் கைவைத்திருப்பார்!

இன்க்ஸ்கேப், ஜிம்ப், கிரிட்டா மூன்றும் திறமூல மென்பொருட்கள் என்பதால் சந்தா பயமே இல்லை. சோஷியல் மீடியா போஸ்டர், லோகோ வேலைக்குத் தாராளமாகப் போதும். அச்சுக்குப் போகும் சிஎம்ஒய்கே வேலை என்றால் இன்க்ஸ்கேப் கொஞ்சம் திணறும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. எதை வாங்குவதானாலும் டிரையலில் யூனிகோட் எழுத்துருவில் 'கொ', 'பௌ', 'ஸ்ரீ' என்று டைப் செய்து பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து நின்றால் அது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

என் கணிப்பு இதுதான்: ஏஜென்சியில் மற்றவர்களோடு ஃபைல் பகிர்ந்து வேலை செய்பவர்கள் அவர்கள் வைத்திருக்கும் சந்தாவுக்கே போவது நல்லது. தனியாக, ஒரே மாதிரி வேலை செய்பவர்களுக்கு ஒருமுறை வாங்குவதோ இலவசமோ போதும். புது வெர்ஷனில் நீங்கள் தினமும் தொடும் வசதி ஒன்றாவது மாறியிருந்தால்தான் அப்கிரேடு.

சந்தாவை நிறுத்தப்போகிறவர்கள் கடைசி நாளுக்கு முன்பே ஒரு வேலையை முடித்துவிட வேண்டும். ஃபைல் உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கும், திறக்கும் செயலி இருக்காது. முக்கியமானவற்றை பிடிஎஃப், எஸ்விஜி, டிஃப் வடிவங்களிலும் சேமித்து வையுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் சேவ் செய்யும்போது பிடிஎஃப் கம்பாட்டிபிள் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் அந்த ஃபைலை இன்க்ஸ்கேப்பிலும் திறக்க வழி உண்டு.