18 மணி நேரத்தில் ஒரு வருஷம்!

கடக ராசியில், 41 ஒளியாண்டு தொலைவில், ஒரு ஜோடி நட்சத்திரம் இருக்கிறது. பெயர் 55 கேன்க்ரி. பெரியது ஏறக்குறைய நம் சூரியன் மாதிரி. சின்னது மங்கலான செங்குள்ளன். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியைப் போல ஆயிரம் மடங்கு தள்ளி நிற்கிறது. பெரியதைச் சுற்றி ஐந்து கோள்கள். அதில் ஆக உள்ளே ஓடும் பாறைக்கோளுக்கு ஜான்சன் என்று பெயர். அதைக் கையும் களவுமாகப் பிடித்த கதை இருக்கிறதே, அடடா!

2004இல் டெக்சாஸின் மெக்டொனால்டு வானாய்வகத்திலிருந்து ஜான்சன் பற்றிய முதல் சேதி வந்தது. யாரும் கோளைப் பார்க்கவில்லை. அது இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் லேசாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தை நட்சத்திர ஒளியில் அளந்தார்கள். சுற்றிவர 2.8 நாள் என்று கணக்கு வந்தது. ஆறு வருஷம் எல்லோரும் அதையே நம்பினார்கள்.

2010இல், ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த ரெபெக்கா டாசன், டேனியல் ஃபாப்ரிக்கியுடன் சேர்ந்து அந்தப் பழைய அளவீடுகளையே மறுபடி எடுத்து உட்கார்ந்தார். புதிதாக ஓர் இரவுகூடத் தொலைநோக்கியைத் திருப்பவில்லை! தொலைநோக்கி ராத்திரியில்தானே வேலை செய்யும்? நாளுக்கு ஒரு தடவை மட்டும் எட்டிப் பார்த்தால், வேகமாகச் சுற்றுவது மெதுவாகச் சுற்றுவதுபோலத் தோன்றும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கி உருள்கிற அதே மாயம். அதைப் பிரித்து எடுத்ததும் உண்மையான கணக்கு வெளியே குதித்தது: 0.74 நாள். அங்கே ஒரு வருஷம் 18 மணி நேரம்கூட இல்லை!

கையோடு இன்னொன்றும் சொன்னார்கள். கோள் இவ்வளவு நெருங்கி ஓடினால், அது நட்சத்திரத்துக்குக் குறுக்கே போவதை நாம் பார்க்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 2011இல் பார்த்தேவிட்டார்கள். ஒன்று நாசாவின் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி. இன்னொன்று பெட்டி அளவே உள்ள, 15 சென்டிமீட்டர் ஆடி பொருத்திய, கனடாவின் 'மோஸ்ட்' செயற்கைக்கோள். நட்சத்திர ஒளியில் பத்தாயிரத்தில் மூன்று நான்கு பங்குதான் குறைந்தது. அந்தக் குட்டிச் சாதனம் அதையும் விடவில்லை! எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பாத்திரம் அதுதான்.

அப்புறம் ரகசியங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஜான்சன் பூமியைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவான அகலம், எட்டு மடங்கு எடை. நட்சத்திரத்திலிருந்து வெறும் 23 லட்சம் கிலோமீட்டர். அங்கிருந்து பார்த்தால் அந்தச் சூரியன் நம் சூரியனைவிட அறுபது மடங்குக்கும் மேல் அகலமாக வானத்தை அடைத்து நிற்கும். தரையே உருகிய பாறைக் குழம்பாக இருக்கலாம். காற்று இல்லையென்றால் பகல் பக்கம் சுமார் 2,200 டிகிரி செல்சியஸ் கொதிக்க வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தால் ஏறக்குறைய 1,540தான்! வெப்பத்தை ஏதோ ஒன்று அங்கிருந்து கடத்திப் போகிறது. குழம்பிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடோ கார்பன் டைஆக்சைடோ நிறைந்த காற்றுமண்டலமாக இருக்கலாம் என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பிப்ரவரி, மார்ச் மாத முன்னிரவில் கடகம் உச்சிக்கு வரும். பூச நட்சத்திரத்துக்கு வடக்கே, நல்ல இருட்டில் 55 கேன்க்ரி வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். பைனாகுலர் இருந்தால் சுலபம். வானவரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவசியம் தேடிப் பாருங்கள்.